நான்கு பாங்கும் ஒரு கயிறும்

என்னிடம் புத்திமதி கேட்டு நீங்கள் வந்து உட்கார்ந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்பதுதான். என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டன. மாடிப்படி ஏறும்போது அவை போடும் சத்தத்தைப் பதிவு செய்தால் ஒரு சின்ன நிகழ்ச்சிக்குப் பின்னணி இசையாகும். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். பேசச் சொன்னால் நான் பேசுவேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பரதம் ஆடுகிறவருக்குச் சலங்கை இருக்கிறது. கண்டி நடனம் ஆடுகிறவருக்கு மேளம் இருக்கிறது. நவீன நடனக்காரருக்கு இருப்பது ஒரு கறுப்புக் காற்சட்டையும், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியும்தான். புத்தளத்தில் என் தொழிலை இன்றுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. என் மாமா கடைசிவரை நான் 'படிப்பிக்கிறதாக'த்தான் ஊருக்குச் சொல்லிவந்தார். பாலாவிச் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் என்னை உடற்பயிற்சி மாஸ்டர் என்று நம்பித் தன் இடுப்பு வலிக்கு வழி கேட்டார். இரண்டு அசைவுகள் சொல்லிக்கொடுத்தேன், வலி போய்விட்டது. என் கலைவாழ்வில் சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி அது ஒன்றுதான்.

நீங்கள் கேட்டது இது: ஊர் எதிர்த்து நிற்கும்போது எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? இதற்குப் பொதுவான பதில் இருந்தால் நான் அதை விற்றுக் கல்பிட்டியில் காணி வாங்கியிருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு பின்னேரத்தின் கதை மட்டும்.

அதைச் சொல்வதற்கு முன், எனக்குக் கொழும்பில் பாடம் சொன்ன ஆசிரியையைப் பற்றிக் கொஞ்சம். சிங்களப் பெண்மணி, குள்ளம், வெற்றிலை போடுவார், கோபம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். எறிந்ததில்லை. எறியக்கூடும் என்ற நம்பிக்கையை மட்டும் எங்களிடம் காப்பாற்றி வந்தார். அவருடைய ஒரே சட்டம், "நவத்தன்ன எப்பா." நிறுத்தாதே. மின்சாரம் போனாலும், பாட்டு நின்றாலும், பக்கத்தில் ஆடுகிறவன் விழுந்தாலும் நீ நிறுத்தாதே. ஒருமுறை மண்டபம் முழுக்க இருட்டானபோது அவர் சொற்படி ஆடிக்கொண்டே போன ஒரு பையன் மேடையைத் தாண்டி, முன்வரிசைக் கதிரையில் இருந்த பிரதம விருந்தினரின் மடியில் போய் முடிந்தான். விளக்கு வந்ததும் ஆசிரியை கேட்டது, "அவர் மடியில் இருந்தும் ஏன் கையை அசைக்கவில்லை?" என்றுதான்.

அந்தச் சட்டத்தை நானும் பல வருடம் உபதேசம் பண்ணினேன். உங்களில் பழைய ஆட்கள் என்னிடம் அதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். இனிச் சொல்லப்போவது அந்தச் சட்டத்தை நான் மீறிய கதை.

பர்வின் எங்கள் குழுவுக்கு வந்தபோது முன்பள்ளி ஆசிரியையாக இருந்தாள். என் குடும்பத்தைப் போலவே அவளுடைய குடும்பமும் தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தது. அவள் பிறந்ததே புத்தளத்தில்தான். ஆனால் இங்கே பிறந்தாலும் நாங்கள் இன்னும் 'வந்த ஆக்கள்'தான். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஊரில் இருந்தும் 'வந்த' என்ற சொல் போகவில்லை என்றால், நாங்கள் மிக மெதுவாக வந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

வாப்பா இல்லாத வீடு. மீன் லொறி ஓட்டும் அண்ணன், அவள் வாயில் 'நானா', அவர்தான் அவளுக்குப் பொறுப்பு. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் போடும் நிபந்தனைகளைத்தான் மீற முடியாது, கெட்டவர்கள் போட்டால் சுலபம். அவர் இரண்டு போட்டார். மேடையில் ஆண்பிள்ளை யாரும் தங்கச்சியைத் தொடக்கூடாது. ஆட்களுக்கு முன்னால் முதன்முறை ஆடுகிற அன்றைக்கு ஊர் ஒரு வார்த்தை பேசினாலும், அன்றோடு சரி. இரண்டாவதைச் சொல்லும்போது பர்வின் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

தொடாமல் எப்படி ஒருவரின் பாரத்தை மற்றவர் தாங்குவது? கரைவலைக் கயிறு அப்படித்தான் எங்கள் ஆட்டத்துக்குள் வந்தது. கடற்கரையில் வலை இழுப்பவர்கள் உடம்பைப் பின்னால் போட்டு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு முனை, பர்வின் மறுமுனை. இருவரும் எதிரெதிரே கால்களை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வோம். அவள் எடை குறைவு என்பதால் அவள்தான் அதிகம் சாய வேண்டும், தலைச்சீலை மணலைத் தொடாத குறையாக. கயிறு இல்லாவிட்டால் இருவரும் மல்லாக்க விழுவோம். நடுவில் கயிற்றுக்கு மேலும் கீழும் புகுந்து ஆடுகிறவன் நுவன், சிலாபத்துக் கத்தோலிக்கப் பையன்.

கட்டுப்பாடு இருந்ததால்தானே இவ்வளவு அழகான கயிறு கிடைத்தது என்று பின்னர் ஒரு கருத்தரங்கில் ஒருவர் உருகினார். உங்களிடமும் யாராவது இப்படி உருகுவார்கள். நம்பாதீர்கள். சிறையில் இருந்தவன் சுவரில் நல்ல படம் வரைந்தான் என்பதற்காக யாரும் சுவருக்கு நன்றி சொல்வதில்லை. நானாவின் நிபந்தனைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

பர்வினின் முதல் ஆட்டத்துக்கு எங்களை அழைத்தது கல்பிட்டிப் பக்கத்தில் ஒரு ஊரின் மீனவர் சங்க இளைஞர்கள். ஊரின் பெயர் வேண்டாம். அந்த இடத்தில் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் கதை ஓடும். சங்கத்தின் காப்பாளர் ஒரு ஹாஜியார். படகுகள், ஐஸ் கட்டித் தொழில், பள்ளிவாசல் நிர்வாகம் எல்லாம் அவர் கையில். இளைஞர்கள் அழைத்துவிட்டதால் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு மனமில்லை. என்னைக் கூப்பிட்டுத் தேநீர் தந்து, தொதல் என்ற இனிப்பை வைத்து, பெண்பிள்ளை இல்லாமல் ஆடினால் என்ன என்று கேட்டார். ஏலாது என்றேன். "வந்த ஆக்களுக்கு ஊர்ப் பழக்கம் விளங்காதுதான்" என்றார், அதே சிரிப்போடு. இன்னொரு துண்டு தொதலும் வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன். எதிர்ப்பது வேறு, தொதல் வேறு.

பின்னேர அசர் தொழுகை முடிந்த கையோடு ஆட்டம், சூரியன் மறையுமுன் முடிந்துவிடும் என்பது ஒழுங்கு. சங்கக் கட்டடத்துக்கு முன்னால் மணல்தான் மேடை. ஒரு பக்கம் ஆண்களுக்குக் கதிரை, மறுபக்கம் பெண்களுக்குப் பாய். தலைமையுரை ஹாஜியாருடையது.

அவர் பேசினார். துறைமுகம் வந்தது, ஐஸ் விலை வந்தது, இளைஞர்களின் போதைப்பழக்கம் வந்தது, இந்தியப் படகுகள் வந்து போயின. நடனம் மட்டும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுப்பிப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திக்கொண்டவர்களும் இரண்டு வார்த்தை பேசினார்கள். நான் கடலைப் பார்த்தேன். மேற்குக் கரையில் கைக்கடிகாரம் தேவையில்லை, சூரியன் கண்ணுக்கு முன்னால் இறங்குகிறது. அப்போதுதான் ஹாஜியாரின் திட்டம் எனக்கு விளங்கியது. தடை என்ற சொல்லை அவர் வாயால் சொல்லத் தேவையில்லை. ஆட்டத்தின் நடுவில், சூரியன் மறைந்ததும், மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும், சவுண்ட்ஸ்காரர் பாட்டை நிறுத்துவார், ஆண்கள் எழுந்து பள்ளிக்குப் போவார்கள், நாங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த வான் வண்டியில் ஏறுவோம். ஒரு கலைக் குழுவை இவ்வளவு மரியாதையாக யாரும் கொன்றதில்லை. உள்ளுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன்.

பர்வினிடம் போய், தொடங்காமலே விட்டுவிடலாமா என்று கேட்டேன். தொடங்கி, நடுவில் கலைந்துபோனால் நானாவின் இரண்டாவது நிபந்தனை வந்து நிற்கும். தொடங்காவிட்டால் இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாம். அவள், "இன்னொரு நாளைக்கும் இவர்தானே சேர் பேசப்போறார்" என்றாள்.

தொடங்கினோம்.

பாங்கு என்றால் தொழுகைக்கான அழைப்பு. ஒலிபெருக்கியில் அது கேட்கத் தொடங்கினால் எங்கள் ஊர்களில் பாட்டு நிற்கும், தொலைக்காட்சி வாய் மூடும், சண்டை போடுகிற புருசன் பெண்சாதிகூட அடுத்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சிலாபத்துப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன், மற்றவர்கள் மன்னிக்கவும்.

பெரிய பள்ளியிலிருந்து முதல் "அல்லாஹு அக்பர்" வந்தபோது நானும் பர்வினும் கயிற்றின் இரு முனைகளிலும் முழுச் சாய்வில் இருந்தோம். நுவன் அதிர்ஷ்டக்காரன். அந்த வேளையில் அவன் மணலில் படுத்திருக்க வேண்டிய கட்டம். சவுண்ட்ஸ்காரர் யாரும் சொல்லாமலே பாட்டை நிறுத்தினார்.

தொடர்ந்து ஆட முடியாது. ஆசிரியை செருப்போடு வந்து நின்றாலும் ஆட முடியாது. பயம் காரணமில்லை. அந்தப் பாங்கு ஹாஜியாருக்கு மட்டும் சொந்தமில்லை, எனக்கும்தான். அதற்கு மேலே ஏறி ஆடினால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். மற்ற வழி, கயிற்றைத் தளர்த்தி, நிமிர்ந்து, மணலைத் தட்டிவிட்டு வெளியே போவது. அதற்காகத்தான் அத்தனை பொன்னாடையும் போர்த்தப்பட்டன. இரண்டுக்கும் நடுவில் இருந்தது நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நிலை மட்டும். பர்வினின் கண் என்னைக் கேட்டது. பாங்கு சொல்லும்போது பேசக்கூடாது. கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். மறுமுனையும் இறுகியது. நுவன் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு பாங்குக்கு என் கைகள் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்குப் போட்டவன் கொழும்பில் படித்தவன். அந்த ஊரில் எத்தனை பள்ளிவாசல் என்று யோசிக்கவில்லை. பெரிய பள்ளி முடித்ததும், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கருத்து வேறுபாட்டில் பிரிந்துபோன பள்ளி தொடங்கியது. அங்கே பாங்கு சொன்ன மோதினார் இளம் பிள்ளை, நல்ல குரல், இழுத்து இழுத்துச் சொன்னார். அது முடிய, அதிலிருந்து பிரிந்த பள்ளி. எங்கள் சமூகத்தின் ஒற்றுமையின்மையைப் பற்றி நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அதைத் தோள்மூட்டில் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

இதற்குள் பர்வினின் நானா கூட்டத்திலிருந்து எழுந்து மணல் ஓரத்துக்கு வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. வாயைத் திறந்தார், இரண்டாவது பாங்கு தொடங்கியது, மூடிக்கொண்டார். அது முடிந்து திறந்தார், மூன்றாவது. ஆண்களும் அப்படித்தான். எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில், கதிரையின் கையைப் பிடித்தபடி. எங்களுக்குச் சளைக்காத ஒரு நவீன நடனம் அந்தப் பக்கமும் நடந்தது. ஹாஜியார் மட்டும் நேராக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது, தூரத்தில், களப்புப் பக்கம் இருந்து காற்றில் வந்தது. என் கை நடுங்கிய நடுக்கம் கயிற்றில் ஓடிப்போய் அவள் கைக்குத் தெரிந்தது. அவளுடையது எனக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. நெற்றி சுருங்கியிருந்தது, முன்பள்ளியில் ஒரு பிள்ளை பென்சிலைத் தின்னும்போது ரீச்சர்மாருக்குச் சுருங்குமே, அப்படி.

பாங்கு முடிந்தது. உண்மையான அமைதி. நானா பேசினார்.

"போதும் பர்வின். விட்டுட்டு வா."

அவள் அந்தச் சாய்விலிருந்தே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "நான் விட்டா சேர் விழுவார் நானா. நீங்க தொழுதுட்டு வாங்க."

பாயில் இருந்த பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஒரு நடுவயதுக்காரி, மடியில் பிள்ளை தூங்க, சத்தமாகவே சொன்னாள்: "அந்தப் புள்ள சொல்றது சரிதானே. எல்லாரும் போய் தொழுதுட்டு வாங்க. நாங்க எங்கயும் போகல்ல."

ஹாஜியாரின் திட்டத்தில் இருந்த ஓட்டை அதுதான். பாங்கு சொன்னால் எழுந்து போகிறவர்கள் ஆண்கள். பெண்களை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் போனார், ஆண்கள் பின்னால் போனார்கள், கொஞ்சம் தயங்கி நானாவும் போனார். நாங்கள் மெதுவாகக் கயிற்றைத் தளர்த்தி அதே இடத்தில் உட்கார்ந்தோம். பிறகு நான் அந்த மணலிலேயே தொழுதேன். பர்வின் பெண்களோடு பாயில் தொழுதாள். நுவன் கயிற்றுக்குக் காவல் இருந்தான்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். கலை ஆர்வம் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மனைவியும் பிள்ளையும் பாயில் இருக்கும்போது மோட்டார் சைக்கிள்காரர் தனியாக எங்கே போவது? வந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் பார்த்தார்கள். வெளிச்சம் போய்விட்டது. ஐஸ் லொறி ஒன்றைத் திருப்பி நிறுத்தி முன்விளக்கைப் போடச் சொன்னது அதே நடுவயதுக்காரி. விட்ட இடத்திலிருந்து ஆடினோம். கை எரிந்தது. நான் ஒரு இடத்தில் பிழை விட்டேன். பர்வின் ஒரு இடத்திலும் விடவில்லை.

ஹாஜியாரும் கடைசியில் வந்து, ஓரமாக நின்று பார்த்து, கண் கலங்கினார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவர் வரவில்லை. மறுநாள் சங்க இளைஞர்களைக் கூப்பிட்டு, இனி அந்த இடம் ஆட்டத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். இதையும் மரியாதையாகத்தான் சொன்னாராம். நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் எதிரி மாறுவான் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் எதிரியைப் பார்த்ததில்லை. மாறாத எதிரியோடு ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஆடுவதற்குத்தான் நாங்கள் பழக வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஹாஜியார் பெரிய கவலை இல்லை. பர்வின் வருவாளா என்பதுதான் கவலை. ஊர் ஒரு வார்த்தையா பேசியது? அடுத்த பயிற்சி நாளில், புத்தளத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடிக்குப் படியேறி வந்தது நானா. தனியாக. நான் கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

வீட்டுக்கு ஹாஜியார் ஆள் அனுப்பியதாகச் சொன்னார். பிள்ளையை அடக்கி வையுங்கள் என்று உம்மாவிடம் சொன்னார்களாம். நானா என் மேசையில் இருந்த காகிதப் பாரத்தை எடுத்து இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"பாங்கு சொல்லி முடியுமட்டும் அந்தக் கயிறோட அசையாம நிண்ட புள்ளைக்கு நீங்க அதபு ஒழுக்கம் படிப்பிக்கப் போறீங்களா எண்டு கேட்டன்" என்றார். "திரும்பிப் போய்ட்டாங்க."

பிறகு சன்னலுக்குப் போய்க் கீழே பார்த்து, மேலே வரச்சொல்லிக் கையசைத்தார். பர்வின் படியேறும் சத்தம் கேட்டதும் மறுபடி கீழே இறங்கிப்போய், பயிற்சி முடியும்வரை கடை வாசலில் மோட்டார் சைக்கிளில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றுவரை அவர் எங்கள் பயிற்சியைப் பார்த்ததில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு எந்த நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியிராத ஒரு இடத்தை நுவன் கண்டுபிடித்திருந்தான். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஈர மணல். அதற்குக் காப்பாளர் இல்லை. நான் பாடம் படித்தவனாக, இந்த முறை மதியம் கழிந்ததும் தொடங்கிவிடுவோம், மஃரிபுக்கு வெகு முன்னரே முடித்துவிடலாம், யாரும் தலைமையுரை ஆற்ற இடமே கொடுக்கக் கூடாது என்றேன். எனக்கே அது நல்ல யோசனையாக இருந்தது. இப்படித்தான், பிள்ளைகளே, விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே விட்டுக்கொடுக்கிறோம்.

பர்வின் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, தோல் ஆறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"நேரத்த மாத்த வேணாம் சேர். பாங்கு வரட்டும், நிப்பம். ஆனா அண்டைக்கு நிண்டதுக்குத்தான் எல்லாரும் என்ன நல்ல புள்ள எண்டு சொல்றாங்க. நானாவும் அதத்தான் சொல்றார். ஆடினதப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இந்த முறை ஆடினதுக்கும் சொல்ல வைக்கணும்."

அவள் கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் எறிந்தாள். எறிந்துவிட்டு, நான் பிடித்தேனா என்று பார்க்காமலே பின்னால் சாய்ந்தாள்.